பத்துப் பேர்ச் நிலம்: யாழ்ப்பாணக் குடும்பத் தோட்டங்களின் வரலாறு

(இலண்டனிலிருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  இந்த அமர்வுகளில் பெரும்பாலும் நாவல், கவிதை என்று பேசுகிறோம். இன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரு மணித்தியாலத்தைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எங்களில் பலருடைய பெட்டிக்குள் ஒரு காணி உறுதி இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். இலண்டனில் மாநகரசபைகள் வாடகைக்குக் கொடுக்கும் அலொட்மென்ட் தோட்டத்துண்டுகளை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் பலர் அங்கே கீரையும் பூசணியும் பயிரிடுகிறார்கள். அந்தத் துண்டின் வழமையான முழு அளவு 10 சதுர றொட். றொட், போல், பேர்ச் என்ற மூன்று பெயரும் பழைய ஆங்கில அளவையில் ஒன்றையே குறிக்கும். 10 பேர்ச் என்றால் ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இனி எங்கள் கணக்குக்கு வாருங்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால் ஒரு பரப்பு 10 பேர்ச். அதாவது இலண்டனில் ஒரு முழு அலொட்மென்ட்டும் யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பும் ஒரே அளவு.

அளவு ஒன்றாக இருந்தாலும் இரண்டு நாடுகளும் அந்த அளவுக்கு வந்து சேர்ந்த வழி வேறு. அந்த வழியைப் பார்த்தால் ஒரு விடயம் தெரியும். யாழ்ப்பாணத் தோட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தின் கையில் வைத்திருந்த அதே வழக்கம்தான் இன்று பல தோட்டங்களைப் பற்றைக்காடாகவும் விட்டிருக்கிறது.

மண்ணும் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல உதாரணம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போனால் உப்பு. குடாநாட்டின் விவசாயம் முழுவதும் இந்த மேற்படையை நம்பித்தான் நடந்தது. அளவுக்கு மேலே இறைத்தால் கீழே இருக்கிற உப்பு ஏறி வரும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தர முன்பே எங்கள் கமக்காரருக்குத் தெரியும்.

வலிகாமத்தின் செம்மண்ணைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். உரும்பிராய், கோப்பாய், இணுவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று பெயர் சொன்னாலே அந்த நிறம் கண்ணுக்குள் வரும். ஆனால் பல இடங்களில் அந்த மண் ஆழமில்லாதது. கொஞ்சம் வெட்டினால் கல் தட்டும். கல்லைக் கிளப்பி, மண் போட்டு, பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்து, ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்து எரு ஏற்றித்தான் அதைத் தோட்டமாக்கினார்கள். வேலியில் பூவரசை நட்டது எல்லைக்கு மட்டுமில்லை, அதன் குழை தோட்டத்துக்குப் பசளை. 1840களில் இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தன்னுடைய பெரிய நூலில் யாழ்ப்பாணக் கமக்காரரின் உழைப்பை வியந்து எழுதியிருக்கிறார். அவர் கண்டது பல தலைமுறைகள் கையால் கட்டிய மண்.

தண்ணீரும் அப்படித்தான். துலாவை நேரில் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் சிலர் இருப்பீர்கள். விடியப் புறத்தில் இறைப்புத் தொடங்கும். துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைத் தாழ்த்தி நிரப்பிக் கவிழ்ப்பார். வாய்க்கால் வழியே வருகிற தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிட இன்னொருவர் நிற்பார். ஒரு தோட்டத்தை இறைக்கக் குறைந்தது மூன்று நான்கு பேர் வேண்டும். 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரங்கள் பரவும்வரை தோட்டத்தின் அளவை நிர்ணயித்தது நிலமில்லை, இந்த ஆள்பலம்தான். ஒரு குடும்பம் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாமோ அவ்வளவுதான் அதன் தோட்டம்.

யாருடைய கை?

இங்கே 'குடும்பம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். துலா மிதித்த அந்த நான்கு பேரும் எப்போதும் ஒரே குடும்பத்தவர் இல்லை. வேளாளரின் தோட்டங்களில் நளவர், பள்ளர் சமூகத்து மக்கள் அடிமைகளாக வேலை செய்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தொகுப்பு அவர்களைச் சொத்தோடு சேர்த்துப் பேசுகிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முழுமையாக ஒழிக்கப்பட்டது 1844இல். அதற்குப் பிறகும் நிலம் கைமாறவில்லை. அடிமை என்ற பெயர் போய்க் குடிமை என்ற உறவு நின்றது. வேறொருவருடைய காணியில் கொட்டில் போட்டிருப்பவர், காணிக்காரர் கூப்பிட்ட நாளில் வேலைக்குப் போகத்தான் வேண்டும்.

இதில் மிகக் கொடுமையானது தண்ணீர். நாள் முழுவதும் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர், தன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் அதே ஊர்க் கிணற்றில் தானாக அள்ள முடியாது. யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். கே. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவலுக்குப் பெயர் வைத்தார். யாழ்ப்பாணத்துத் தோட்டச் செழிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோயில் கதவு திறந்த வேகத்தில் காணி உறுதியில் பெயர் ஏறவில்லை. ஆகவே குடும்பத் தோட்டத்தின் வரலாறு என்று நான் சொல்லும்போது, உறுதியில் பெயருள்ள குடும்பமும் உறுதியில் பெயரில்லாத குடும்பமும் சேர்ந்த வரலாற்றைத்தான் சொல்கிறேன்.

தேசவழமையும் சீதனமும்

1707இல் ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட அந்தத் தொகுப்புத்தான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரிக்கும். பரம்பரையாக வருவது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடுவது தேடியதேட்டம். பழைய வழக்கத்தில் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் போனது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இந்தக் கோடு அழியத் தொடங்கிவிட்டது என்று தேசவழமையே சொல்கிறது. எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. காலப்போக்கில் நல்ல தோட்டக்காணி என்றாலே அது பெண்ணுக்கு என்று ஆயிற்று. இதைப் பெண்ணுரிமை என்று உடனே கைதட்டிவிடக் கூடாது. தேசவழமைப்படி கலியாணம் முடித்த பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. பெயர் அவளுடையது, பேனா கணவனுடையது.

தேசவழமையில் இன்னொரு முக்கியமான ஏற்பாடு முன்கொள்வனவு உரிமை. காணியை விற்பதென்றால் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதற்குப் புதிய வடிவம் கொடுத்தது. காணி உறவுக்குள்ளேயே சுற்றி வந்ததற்கு இது பெரிய காரணம். நிலத்தில் பங்கு போலவே கிணற்றிலும் பங்கு. எங்கள் உறுதிகளை எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி, அதிலுள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று எழுதியிருக்கும். என் தாயாரின் சீதன உறுதியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு கிணற்றுக்குப் பல பங்குகாரர். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பது முறை. முறை தவறினால் சண்டை, சண்டை முற்றினால் வழக்கு. அடிபட்டாலும் வழக்குப் போட்டாலும் கிணற்றைத் தூர்வாருகிற நாளில் எல்லாப் பங்குகாரரும் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் எல்லோருக்கும் தண்ணீர் இல்லை.

இந்தப் பங்குமுறையின் கணக்கு எளியது. ஒருவரிடம் 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர் இருக்கிறது என்று வைப்போம். நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4 பரப்பு. அவர்களுக்கும் நான்கு நான்கு பிள்ளைகள் என்றால் பேரப்பிள்ளைக்கு ஒரு பரப்பு. இரண்டே தலைமுறையில் 10 பேர்ச்.

இப்போது நாங்கள் இருக்கிற நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் பெருநிலம் மூத்த மகனுக்கு முழுதாகப் போனது. பொதுநிலங்களை 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு வேலியடைத்துத் தனியாருக்குக் கொடுத்தது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை வைத்திருந்த ஏழைக் குடும்பங்கள் கூலிகளானார்கள். அவர்களுடைய வயிற்றுக்காக 1845ஆம் ஆண்டின் வேலியடைப்புச் சட்டம் சிறு தோட்டத்துண்டுகளை ஒதுக்கச் சொன்னது. 1908ஆம் ஆண்டின் சிறுகாணிகள், அலொட்மென்ட் சட்டம் கேட்பவர்களுக்கு நிலம் தேடிக்கொடுக்கும் கடமையை உள்ளூராட்சி சபைகளின் மேல் வைத்தது. இப்படி நகரத்துத் தொழிலாளியின் கைக்கும் 10 றொட் வந்தது. இங்கே நிலம் ஒருவரிடம் குவிந்து, மற்றவர்களுக்கு மிஞ்சியது 10 றொட். அங்கே நிலம் எல்லோருக்கும் பிரிந்து பிரிந்து 10 பேர்ச் ஆனது. இரண்டு எதிர்த் திசைகளிலிருந்து வந்து இரண்டும் ஒரே அளவில் நிற்கின்றன.

பள்ளிக்கூடமும் சந்தையும்

பத்துப் பேர்ச்சில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாது. அப்படியானால் யாழ்ப்பாணம் எப்படித் தாக்குப்பிடித்தது? இரண்டு வழிகள். ஒன்று பணப்பயிர், மற்றது படிப்பு.

பணப்பயிர் என்றால் நீண்ட காலம் புகையிலைதான். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. குடிலில் பொச்சுமட்டைப் புகை போட்டுப் பதப்படுத்திய புகையிலை பாய்மரத் தோணிகளில் ஏறியது. மலையாள நாட்டில் வெற்றிலையோடு மெல்லுகிறவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். சுன்னாகத்திலும் புத்தூரிலும் ஒரு வீட்டில் கலியாணம் நடப்பதும் நடக்காததும் கடலுக்கு அப்பால் திருவனந்தபுரத்து அரசு போடுகிற தீர்வையில் தங்கியிருந்தது. இடைத்தரகரின் பிடியிலிருந்து மீள 1930களில் கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து மலையாளச் சந்தைக்குப் புகையிலையை விற்றார்கள். வடக்கில் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் வீ. வீரசிங்கம். யாழ்ப்பாண நகரத்தில் நாங்கள் நாடகம் பார்த்த வீரசிங்கம் மண்டபம் அவருடைய பெயரில்தான் நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு நாடுகளும் போட்ட வர்த்தகக் கட்டுப்பாடுகளில் அந்தச் சந்தை சுருங்கியது. 1905இல் முழுமையாகிய வடக்குப் புகையிரதப் பாதை கொழும்புச் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. மிளகாயும் வெங்காயமும் அந்தப் பக்கம் போயின.

மற்ற வழி படிப்பு. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அதைத் தொடர்ந்து சைவப் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. காணி பெண்ணுக்கு என்றானபின் ஆண்பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பங்கு படிப்பாயிற்று. வெங்காயம் விற்ற காசு பள்ளிக்கூடத்துக்குப் போனது. படித்தவன் கொழும்புக்கும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மலாயாவுக்கும் எழுதுவினைஞனாகப் போனான். அவன் அனுப்பிய மணியோடரில் தங்கைக்குச் சீதனக் காணி வாங்கப்பட்டது. காணியின் விலை அதில் விளையும் பயிரை விட்டுக் கலியாணச் சந்தையைப் பார்த்து ஏறியது. யோசித்துப் பாருங்கள். அந்தத் தோட்டம் தன் பிள்ளைகளைத் தோட்டத்தை விட்டு அனுப்புவதற்காகவே உழைத்திருக்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஒரு வகையில் அதன் விளைச்சல்தான்.

தோட்டத்தில் நின்றவர்களுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. நாடு முழுவதற்கும் வேண்டிய மிளகாயிலும் சின்ன வெங்காயத்திலும் பெரும் பங்கை யாழ்ப்பாணம் கொடுத்தது. உருளைக்கிழங்கும் திராட்சையும் செம்மண்ணில் ஏறின. கல்வீடுகள் எழும்பின. காணியில்லாதவர்களும் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுக் கையில் காசு பார்த்தார்கள். அதே ஆட்சியில்தான் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வந்தது. ஆண்பிள்ளையின் பங்கான படிப்பில் கை வைத்த அரசுதான் தோட்டத்துக்கு விலையும் கொடுத்தது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது அந்த விலையும் போயிற்று. இறக்குமதி மிளகாய் கொழும்பில் வந்து குவிந்தது. படிப்பும் அடைபட்டு, தோட்டமும் கைவிட்ட இளைஞர்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வன்னியில் வேறொரு சட்டம்

குடாநாட்டுக்குள் காணி முடிந்தபோது அரசு வன்னியைக் காட்டியது. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இரணைமடுக் குளம் கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. 1930கள் தொடங்கிக் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. பாலமனோகரன் 'நிலக்கிளி'யில் காட்டிய தண்ணிமுறிப்பு போன்ற காட்டோரக் கிராமங்களின் வாழ்க்கை யாழ்ப்பாணத் தோட்டத்திலிருந்து முற்றிலும் வேறானது.

சட்டமும் வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டம், குடியேற்றக் காணி துண்டாடப்படக் கூடாது என்று ஒரேயொரு பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கச் சொன்னது. பெயர் குறிக்காமல் இறந்தால் உரித்து வரிசையில் ஆண்பிள்ளை முன்னுக்கு நின்றான். அண்மைக்காலம் வரை இதுதான் நிலை. யாழ்ப்பாணத்தில் பெண் பெயரில் காணி வைத்திருந்த அதே சனம் கிளிநொச்சிக்குப் போனதும் பெண்பிள்ளை காணியில்லாதவள் ஆனாள். 1958, 1977 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் பலர் காடு வெட்டி வயலாக்கியும் உறுதி இல்லாமல் கூலிகளாகவே இருந்தார்கள். முழுத் துண்டு ஒருவருக்கு என்ற சட்டமும் எல்லோருக்கும் பங்கு என்ற சட்டமும் ஒரே கேள்வியில்தான் வந்து நின்றன. உழைக்கிற கைக்கும் உறுதியிலுள்ள பெயருக்கும் என்ன உறவு?

போரும் வேலியும்

1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. சில நாளில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. வலிகாமம் வடக்கின் மிகச் சிறந்த செம்மண் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அரசு விதித்த தடைப்பட்டியலில் மண்ணெண்ணெயும் உரமும் இருந்ததால் வெளியே எஞ்சிய தோட்டங்களும் இறைப்புக்கு வழியின்றித் தவித்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் மரங்களிலும் மதில்களிலும் ஒட்டப்பட்டது. மக்கள் வழக்குப் போட்டார்கள், வீதிக்கு இறங்கினார்கள். 2015 முதல் கட்டம் கட்டமாகக் காணிகள் விடப்பட்டன. இன்னும் முழுதாக விடப்படவில்லை.

திரும்பிப் போனவர்கள் கண்டது என்ன? வீடு இல்லாததைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். எல்லை தெரியவில்லை. பூவரசு வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது. பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரிந்திருந்த நிலம் ஒரே வெளியாகக் கிடந்தது. எங்கே எது யாருடையது என்று சொல்லக்கூடிய முதியவர்களில் பலர் முகாமில் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் இருந்தார்கள்.

இன்றைய பங்குகாரர்

எங்கள் பகுதிக்கு வருகிறேன். ஒரு கிணற்றுக்கு எட்டுப் பங்குகாரர் இருந்தார்கள் என்றால் இன்று அவர்களின் பிள்ளைகள் முப்பது பேர் ஐந்து நாடுகளில் இருப்பார்கள். ஊரில் ஒருவர்தான் நிற்பார். அவருக்குத் தோட்டம் செய்ய ஆசை, கை இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பங்கில் குழாய் போட ஒருவரிடம் கேட்க வேண்டும், கிணற்றை இறைத்துத் தூர்வார எல்லோரிடமும் கேட்க வேண்டும். நாங்கள் கொடுக்கவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம். குத்தகைக்குக் கொடுத்தால் ஆட்சியுரிமை கேட்டுவிடுவார்கள் என்று பயம். விற்றால் அம்மாவின் சீதனம் போய்விடும் என்று கவலை. ஆகவே பற்றை வளர்கிறது. வெளியாருக்குப் போகாமல் காணியைக் காத்த அந்தப் பங்குரிமை, இன்று ஊரில் நிற்கிற கையையும் அதற்குள் விடாமல் தடுக்கிறது.

ஊரில் நிற்பவருக்கு வேறு இடர்களும் குறைவில்லை. பல ஆண்டு யூரியா நிலத்தடி நீரில் நைத்திரேற்றாக இறங்கியிருக்கிறது. 2014, 2015 காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தது. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, அந்த ஆண்டு முடிய முன்பே பின்வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் இன்றைக்கும் விடியப் புறத்தில் எழும்பி இறைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் கணிசமானோர் குத்தகைக்காரர்கள். ஒரு காலத்தில் துலா மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

காணியை எல்லாம் கொடுத்துவிடுங்கள் என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தடுக்கக் கூடாது என்று மட்டும் கேட்கிறேன். செய்யக்கூடியவை சிறியவை. பங்காளிகள் பேசி ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுக்கலாம். நல்ல நொத்தாரிசைக் கொண்டு ஆண்டுக் கணக்கைத் தெளிவாக எழுதிய குத்தகை உறுதி முடிக்கலாம். எழுத்தில் அனுமதியோடு இருப்பவர் ஆட்சியுரிமை கேட்பது இலேசில்லை, வாய்ப்பேச்சில் விட்ட காணிக்குத்தான் அந்தப் பயம் பொருந்தும். ஒத்துவராவிட்டால் பிரிவிடுவதற்கு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல், பெற்றோர் இருக்கும்போதே எல்லை எது, பங்குகாரர் யார், அந்தக் காணியில் யார் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். உறுதியில் இல்லாத பெயர்களையும் எழுதுங்கள்.

இலண்டன் அலொட்மென்ட்டில் ஒரு விதி உண்டு. பயிரிடாமல் பற்றை வளரவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால் துண்டு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தக் கடிதத்துக்குப் பயந்து சனிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு ஓடுகிறோம். அதே 10 பேர்ச் ஊரில் இருபது, முப்பது வருடமாகக் கிடக்கிறது. அங்கிருந்து கடிதம் எதுவும் வராது. காத்திருப்பவர் மட்டும் இருக்கிறார்.

 உங்கள் கேள்விகளோடு உங்கள் கிணறுகளைப் பற்றியும் சொல்லுங்கள், கேட்கிறேன்.